லண்டனில் போனே பர்ஸ், போனே டிக்கெட்

ஜிபே பழகிய கை லண்டனில் இறங்கியதும் க்யூஆர் அட்டையைத் தேடும். கல்லாப் பக்கம் அது இருக்காது. கடைக்காரர் தொகையை மெஷினில் அடிப்பார், நீங்கள் போனை அதன்மேல் காட்டுவீர்கள், ஒரு 'பீப்' கேட்கும், முடிந்தது. யுபிஐயில் பணத்தை அனுப்புவது நீங்கள். தொகையை அடிப்பதும் பின் போடுவதும் உங்கள் கை. இங்கே கேட்பது அவர்கள், உங்கள் போன் சரி என்று தலையாட்டுவதோடு சரி. அதனால் மெஷின் திரையில் என்ன தொகை என்று பார்த்துவிட்டுப் போனை நீட்டும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

பஸ்ஸிலும் ரயிலிலும் அந்தத் தொகையும் கண்ணுக்குத் தெரியாது. கார்டு ரீடரின் மஞ்சள் வட்டத்தில் போனைக் காட்டிவிட்டு நடப்பீர்கள். எவ்வளவு என்பது நாள் முடிந்த பிறகுதான் கணக்காகும். கடையில் பிசகு நேர்வது குறைவு. புதிதாக வந்தவர்கள் பணத்தை விடுவதெல்லாம் ரயில் நிலைய வாசலில்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் கடையைவிட ரயிலுக்கு இடம் அதிகம்.

முதலில் ஒரு கார்டு

ஊரிலேயே கார்டைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆப்பிள் பே பிரிட்டனுக்கு 2015 ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் எந்தக் கார்டை ஏற்றலாம் என்பதைக் கார்டு கொடுத்த வங்கிதான் தீர்மானிக்கிறது. இந்திய வங்கிகளின் டெபிட், கிரெடிட் கார்டுகளை ஆப்பிள் பேயிலோ கூகுள் வாலட்டிலோ ஏற்றி லண்டனில் காட்டலாம் என்று நம்பி வராதீர்கள்.

படிக்கவோ வேலைக்கோ வருபவர்களுக்கு வழி எளிது. மான்ஸோ, ஸ்டார்லிங் போன்ற செயலி வங்கிகளில் கணக்குத் திறந்தால், பிளாஸ்டிக் கார்டு தபாலில் வரும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளலாம். கணக்குத் திறக்கும்வரை சில நாள், ஊர்க் கார்டுதான் துணை.

பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாவுக்கு நான் சொல்வது: போனை விடுங்கள், பிளாஸ்டிக் கார்டே போதும். நான்கு வளைகோடு கொண்ட காண்டாக்ட்லெஸ் குறியும் விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரையும் அதில் இருந்தால், லண்டன் ரயில் வாசல் அதையும் போனைப் போலவே ஏற்கும், கட்டணமும் ஒன்றே. ரூபே மட்டும் உள்ள கார்டு வேண்டாம். கிளம்பும் முன் வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் காண்டாக்ட்லெஸ்ஸையும் திறந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல், கார்டுக்காரர் கேட்டால் ஒழிய இவை மூடியே இருக்கும். ஹீத்ரோவில் நின்றுகொண்டு ஓடிபி வராத சிம்மை வைத்து இதைச் செய்வது பெரும்பாடு. ஊர்க் கார்டில் ஒவ்வொரு செலவுக்கும் வங்கி ஒரு மாற்றுக் கட்டணம் சேர்க்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ரயிலும் பஸ்ஸும்

லண்டன் பஸ்ஸில் காண்டாக்ட்லெஸ் கார்டு 2012 டிசம்பரில் வந்தது. 2014 ஜூலை 6 முதல் பஸ்ஸில் காசு வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். நடத்துனர் கிடையாது, ஓட்டுநரிடம் நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று ட்யூப் என்ற சுரங்க ரயில், டிஎல்ஆர் என்ற இலகு ரயில், ஓவர்கிரவுண்ட், டிராம் என்று எல்லாவற்றுக்கும் காண்டாக்ட்லெஸ் விரிந்தது. வயது வந்தவருக்கு, லண்டன் பயணத்துக்கென்றே உள்ள ஆய்ஸ்டர் கார்டும் காண்டாக்ட்லெஸ்ஸும் ஒரே கட்டணம்.

இனி சொல்லப்போகும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். வாசலில் இருக்கும் ரீடருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் வங்கிக் கணக்கையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. கார்டைப் போனில் ஏற்றும்போது கார்டின் சொந்த எண் ரீடருக்குப் போவதில்லை. அந்தப் போனுக்கென்று தனியாக ஓர் எண் உருவாகிறது. அதே கார்டைக் கைக்கடிகாரத்தில் ஏற்றினால் அதற்கு வேறோர் எண். பையில் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு இன்னொன்று. ஒரே வங்கிக் கணக்கு, ஒரே கார்டு, ஆனால் ரீடர் பார்வையில் மூன்று தனித்தனி ஆட்கள்.

காலையில் ஈஸ்ட் ஹாமில் போனைக் காட்டி உள்ளே போகிறீர்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் கை நிறையப் பை. சரி என்று கடிகாரத்தைக் காட்டி வெளியே வருகிறீர்கள். கதவு திறக்கும், அதனால் சந்தேகமே வராது. கணக்கில் என்ன ஆகிறது? உள்ளே போன ஒருவர் வெளியே வரவில்லை. உள்ளே போகாத ஒருவர் வெளியே வந்திருக்கிறார். இருவருக்கும் தலா ஓர் அதிகபட்சக் கட்டணம். முழுமை பெறாத பயணத்துக்கு விதிக்கும் இந்தத் தொகை, பின்னால் சொல்லும் உச்சவரம்புக்குள்ளும் சேராது. எந்தப் பொருளைக் காட்டி நுழைந்தீர்களோ, அதையே காட்டி வெளியேறுங்கள்.

ஒரு போனை இருவருக்குப் பயன்படுத்த முடியாததும் இதனால்தான். மகன் போனைக் காட்டிப் போனபின், பின்னால் வரும் அப்பாவுக்காக அதையே மறுபடி காட்டினால் கதவு திறக்காது. ஒரு தலைக்கு ஒரு கார்டு அல்லது ஒரு போன். 11 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் பஸ்ஸில் இலவசம். ட்யூபில் கட்டணம் கட்டும் பெரியவர் ஒருவருடன் நான்கு குழந்தைகள்வரை இலவசமாகப் போகலாம். அவர்களை அகலமான கதவு வழியாக அழைத்துப் போங்கள். 11 முதல் 15 வரை உள்ள பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு, ஆனால் அது ஆய்ஸ்டர் கார்டில்தான் ஏறும். போனைக் காட்டினால் பெரியவர் கட்டணம் போய்விடும்.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு முறை காட்டினால் போதும். இறங்கும்போது காட்டக் கூடாது. சிங்கப்பூரில் இருந்து வருபவர்கள் பழக்க தோஷத்தில் இறங்கும்போதும் போனை எடுப்பார்கள். அங்கே அது கட்டாயம், இங்கே தேவையில்லை. 2025-இல் பஸ் கட்டணம் 1 பவுண்டு 75 பென்ஸ். முதல் பஸ்ஸில் காட்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே கட்டணம்தான். ஒவ்வொரு பஸ்ஸிலும் காட்ட வேண்டும், ஆனால் கூடுதல் காசு போகாது. அவசரமில்லாதவர்களுக்கு லண்டனைச் சுற்றிப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை என்பேன். மாடி பஸ்ஸின் முன் இருக்கை கிடைத்தால் சுற்றுலா பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

ட்யூபில் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை. கதவு திறந்தே கிடந்தாலும் காட்டத்தான் வேண்டும். டிஎல்ஆர் நிலையங்கள் பலவற்றில் கதவே கிடையாது, நடைமேடையில் ஒரு கம்பத்தில் ரீடர் இருக்கும். ரயில் வந்துவிட்டதே என்று ஓடி ஏறுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பரிசோதகர் கையில் ஒரு சிறு கருவியோடு வருவார். உங்கள் போனை அதில் காட்டச் சொல்வார். காட்டாமல் ஏறியது உடனே தெரிந்துவிடும். அபராதம் 2024 மார்ச் முதல் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் பாதி. மறந்துவிட்டேன் என்ற பதிலை அவர் தினமும் கேட்கிறவர்.

சில நிலையங்களில் இளஞ்சிவப்பு ரீடர் இருக்கும். ஸ்ட்ராட்ஃபோர்ட், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், காஸ்பல் ஓக், வில்லஸ்டன் ஜங்ஷன் ஆகியவற்றில் பார்க்கலாம். நகரின் நடுப்பகுதியான முதல் மண்டலத்தைத் தொடாமல் சுற்றிப் போகிறவர்கள், வண்டி மாறும்போது இதிலும் போனைக் காட்டினால் குறைந்த கட்டணம் விழும். காட்டாவிட்டால் குற்றமில்லை, நடுப்பகுதி வழியாகப் போனீர்கள் என்று கணினி எடுத்துக்கொள்ளக்கூடும்.

போனின் உறையில் கார்டைச் செருகி வைக்கும் வழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. லண்டனில் அதைக் கைவிடுங்கள். ரீடர் எதை முதலில் படிக்கிறதோ அதில் கணக்கு எழுதும். உள்ளே போகும்போது போனையும் வெளியே வரும்போது உறையில் இருக்கும் கார்டையும் படித்தால், கடிகாரக் கதைதான்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் 'எக்ஸ்பிரஸ் டிராவல் கார்டு' என்ற இடத்தைத் தேடி ஒரு கார்டைத் தேர்ந்துவையுங்கள். முகமோ விரலோ கேட்காமல், திரையைத் திறக்காமல் போனைக் காட்டியதும் கதவு திறக்கும். காலை எட்டரை மணிக்கு, உங்கள் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது இதன் அருமை தெரியும். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்த பிறகும், ஐபோன் எக்ஸ்எஸ் முதல் வந்த மாடல்களில் ஐந்து மணி நேரம்வரை இது வேலை செய்யக்கூடும். அதை நம்பி ஊர் சுற்ற வேண்டாம். பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு போன்களில் இது மாடலுக்கு மாடல் மாறுகிறது. வாசலுக்கு வருமுன் திரையைத் திறந்து கையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

நடுவழியில் போன் முழுதும் செத்துவிட்டால், பையிலிருந்து வேறு கார்டை எடுத்துக் காட்டாதீர்கள். கதவுப் பக்கம் நிற்கும் ஊழியரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், வெளியே விடுவார். பிறகு லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல்லின் இணையதளத்தில் அந்தப் பயணத்தைத் தேடி, எந்த நிலையத்தில் இறங்கினீர்கள் என்று எழுதித் தொகையைத் திரும்பக் கேட்கலாம். இதற்காகவே அங்கே ஒரு கணக்கு தொடங்கிக் கார்டைப் பதிந்துவையுங்கள். தினமும் போகும் பாதை என்றால் கணினியே ஊகித்துச் சரிசெய்வதும் உண்டு.

வங்கிச் செயலியைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதன்முறை காட்டியதும் பத்து பென்ஸ் மட்டும் தெரியலாம். அது கார்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அன்றைய பயணங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாகப் பிறகுதான் வரும். அந்த நேரத்தில் கணக்கில் பணம் இல்லாவிட்டால், மறுநாள் காலை கதவு சிவப்பு விளக்கு காட்டும். பாக்கியைக் கட்டும்வரை அந்தக் கார்டு செல்லாது.

உச்சவரம்புதான் இந்த முறையில் பயணிக்குக் கிடைக்கும் பெரிய லாபம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒரு தொகைக்கு மேல் எடுக்க மாட்டார்கள். 2025 மார்ச் கட்டணப்படி, முதல் இரண்டு மண்டலங்களுக்குள் ஒரு நாளுக்கு 8 பவுண்டு 90 பென்ஸ், ஒரு வாரத்துக்கு 44 பவுண்டு 70 பென்ஸ். பஸ்ஸில் மட்டும் போகிறவருக்கு நாளுக்கு 5 பவுண்டு 25 பென்ஸ். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் நீங்கள் போகும்போது ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாள் என்பது அதிகாலை நாலரை மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை வரை. இரவுக் காட்சி பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு பஸ் ஏறினாலும் முந்தைய நாள் கணக்குதான். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை, அதில் மாற்றமில்லை. வியாழக்கிழமை வந்து இறங்கி அடுத்த புதன் வரை சுற்றுகிறவருக்கு வார வரம்பின் பலன் அவ்வளவாகக் கிடைக்காது. இந்த வரம்பும் ரீடர் பார்க்கும் அந்த ஓர் எண்ணுக்குத்தான்: திங்கள் போன், செவ்வாய் கார்டு என்று மாற்றிக் காட்டுகிறவருக்கு இரண்டு கணக்கு ஓடும், இரண்டும் நிரம்பாது.

மாணவர்களுக்கு மட்டும் ஒரு மாற்று யோசனை. 16-25 ரயில்கார்டு வாங்கி, அதை நிலைய ஊழியரிடம் சொல்லி ஆய்ஸ்டரில் ஏற்றிக்கொண்டால், கூட்டமில்லா நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். போனில் இந்தச் சலுகை ஏறாது. வார நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை, மாலை நான்கு முதல் ஏழு வரைதான் கூட்ட நேரம். பத்து மணிக்கு வகுப்புக்குப் போகிறவருக்குக் கடைக்குப் போனும் ரயிலுக்கு ஆய்ஸ்டரும்தான் சரியான ஏற்பாடு. எல்லாம் போனில் என்பது வசதிதான், ஆனால் எல்லோருக்கும் மலிவு அல்ல.

ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் வர மூன்று ரயில்கள், மூன்றிலும் போனைக் காட்டலாம். அங்கேதான் ஆபத்து, மூன்றும் ஒரே மஞ்சள் வட்டம், விலை வேறு. பிக்கடிலி லைன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், எலிசபெத் லைன் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கால் மணியில் பேடிங்டனில் விடும். ஆனால் மூன்றில் மிக விலை உயர்ந்தது அதுதான், உச்சவரம்பிலும் சேராது. பெட்டியோடு வருபவர்களுக்கு எலிசபெத் லைன் நியாயமான நடுவழி.

லண்டனுக்கு வெளியே போகும் ரயில்களில் இந்த வசதி ஓர் எல்லையோடு நின்றுவிடும். எலிசபெத் லைனில் ரெடிங் வரை போனைக் காட்டிப் போகலாம், ஆய்ஸ்டர் அதுவரை செல்லாது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனைக் காட்டி ஏறினால் இறங்குமிடத்தில் வம்பு. ஊர் தாண்டும்போது முதலில் டிக்கெட் எடுங்கள்.

கடையில்

பிரிட்டனில் காண்டாக்ட்லெஸ் 2007-இல் பத்து பவுண்டு வரம்போடு தொடங்கியது. கோவிட் வந்ததும் 2020 ஏப்ரலில் 45 ஆனது, 2021 அக்டோபரில் 100 பவுண்டு. இந்த வரம்பு பிளாஸ்டிக் கார்டுக்காக வைத்தது. போன் உங்கள் முகத்தையோ விரலையோ கேட்டுச் சரிபார்ப்பதால் பெரும்பாலான கடைகளில் அதற்கு இந்த வரம்பு கிடையாது. ஏதாவது ஒரு கடையில் மெஷின் மறுத்தால் பிளாஸ்டிக்கைச் செருகிப் பின் போடுங்கள்.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி பக்கம் நம் கடைகளில் கறிவேப்பிலையும் ஒரு கட்டு வெங்காயத்தாளும் மட்டும் வாங்கினால், ஐந்து பவுண்டுக்குக் குறைந்து கார்டு இல்லை என்று எழுதி ஒட்டியிருப்பதைக் காணலாம். குறைந்தபட்சத் தொகை வைக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. கார்டில் கொடுத்தால் ஐம்பது பென்ஸ் கூடுதல் என்று சொல்வதற்கு மட்டும் 2018 ஜனவரி முதல் உரிமை இல்லை. அண்ணே, காசாகத் தரட்டுமா என்று கேட்டுவிட்டு ஒரு பத்து பவுண்டு நோட்டை எடுப்பதுதான் நடைமுறையில் எளிது. அதனால் சட்டைப்பையில் கொஞ்சம் நோட்டு எப்போதும் இருக்கட்டும்.

ஊர்க் கார்டைக் காட்டும்போது மெஷின் சில சமயம் ரூபாயா பவுண்டா என்று கேட்கும். ரூபாய் என்றதும் மனசு சாயும். பவுண்டையே அமுக்குங்கள், ரூபாய்க் கணக்கில் மெஷின்காரர் தன் மாற்று விகிதத்தை ஏற்றியிருப்பார். ஓட்டலில் பில்லின் அடியில் பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால், அது விருப்பம்தான் என்று அங்கேயே பொடி எழுத்தில் இருக்கும். எடுத்துவிடச் சொல்வதானால் போனைக் காட்டும் முன் சொல்ல வேண்டும்.

வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது ஒரு குழப்பம் வரலாம். ரசீதில் இருக்கும் கடைசி நான்கு எண்ணும் உங்கள் பிளாஸ்டிக் கார்டில் இருப்பதும் ஒத்துப்போகாது. ரசீதில் இருப்பது, கார்டை ஏற்றும்போது போனுக்கென்று உருவான எண். வாங்கும்போது காட்டிய அதே போனை எடுத்துச் செல்லுங்கள்; அதையே காட்டினால் பணம் திரும்பும்.

கார் நிறுத்தும் இடங்களில் கட்டண மெஷின்மேல் க்யூஆர் ஒட்டியிருந்தால், யுபிஐ நாட்டிலிருந்து வந்த நமக்குக் கை தானாகப் போகும். அப்படிப் போலி க்யூஆர் ஒட்டிக் கார்டு விவரத்தைப் பிடுங்குவது இங்கே பெருகியிருக்கிறது. பல ஊர் கவுன்சில்கள் எச்சரித்திருக்கின்றன. அதை ஸ்கேன் செய்யாதீர்கள். பலகையில் எழுதியிருக்கும் செயலியை ஆப் ஸ்டோரில் நீங்களே தேடி இறக்குங்கள்.

போன் பறிபோனால்

இருசக்கர வண்டியில் வந்து கையில் இருக்கும் போனைப் பறிப்பது லண்டனில் அன்றாடச் செய்தி. நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்க்காதீர்கள். ஒரு கடை வாசலுக்குள் ஒதுங்கி, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். கிளம்பும் முன்பே *#06# அடித்து வரும் எண்ணை வேறிடத்தில் எழுதிவையுங்கள், போலீஸ் அதைக் கேட்கும்.

பறிபோனதும் வேறொருவர் போனிலிருந்து ஆப்பிள் அல்லது கூகுளின் தேடும் சேவைக்குள் போய், போன் தொலைந்துவிட்டது என்று குறித்துப் பூட்டுங்கள். கடையில் செலவழிக்கத் திருடனுக்கு உங்கள் முகமோ கடவு எண்ணோ வேண்டும். ஆனால் எக்ஸ்பிரஸ் வசதி எதையும் கேட்காது, நீங்கள் நிறுத்தும்வரை அவன் உங்கள் செலவில் ட்யூபில் போகலாம். அடுத்து வங்கி. பிரிட்டிஷ் வங்கி எண் கையில் இல்லாவிட்டால் 159 அடியுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு இணைத்துவிடுவார்கள். பிரிட்டிஷ் கணக்கில் உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு, நீங்கள் கவனக்குறைவாக இல்லாதவரை, 35 பவுண்டுக்கு மேல் உங்கள் தலையில் விழாது என்பது சட்டம். சொல்லத் தாமதிக்காதீர்கள்.

புதுப் போன் வாங்கி அதே கார்டை மறுபடி ஏற்றலாம். வாசல் ரீடருக்கு அது புது ஆள். பழைய போனில் திங்கள் முதல் சேர்ந்துவந்த வார வரம்பு அதோடு போயிற்று. வெள்ளி, சனிக்கிழமையில் இப்படி நேர்ந்தால் ஞாயிறு வரை பஸ்ஸிலேயே போய்விட்டு, திங்கள் காலை புதுப் போனோடு ட்யூபுக்குத் திரும்புவது மலிவு.